மொஹாவி பாலைவனச் சாலைகள்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 13, லாஸ் ஏஞ்சலஸ்

நாளை காலை நண்பர்கள் நால்வரும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் கிளம்புகிறோம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, மொஹாவி பாலைவனம், டெத் வேலி தேசியப் பூங்கா, அங்கிருந்து மேற்கே லோன் பைன் ஊர். தண்ணீர் எங்கே பிடிக்கலாம், பெட்ரோல் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்கு இருட்டும் என்ற மூன்றையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டோம். பார்க்க வேண்டிய இடங்கள் அதற்குப் பிறகுதான் வரிசைக்கு வந்தன. பாலைவனத்துக்கு இந்த ஒழுங்குதான் சரி.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். வண்டிக்கென்று தனியாக இரண்டு கேலன். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் மெல்லிய கேலன் ஜாடிகள் வேண்டாம். மண்பாதையில் ஒன்றோடொன்று உரசி அடியில் ஓட்டை விழும். கெட்டியான 5 கேலன் கேன்கள் எடுத்திருக்கிறோம். நிரம்பினால் ஒவ்வொன்றும் சுமார் 19 கிலோ, ஆகவே பின்சீட்டுக்கு ஒட்டினாற்போல் தரையில் வைத்து பட்டை போட்டுக் கட்ட வேண்டும். உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு நாளெல்லாம் நடந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி தலைவலியும் குமட்டலும் வரும். ஊறுகாய், உப்புக்கடலை எல்லாம் பையில் இருக்கின்றன.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். மீறினால் காப்பீடு கைகொடுக்காது. ஸ்டெப்னி முழு அளவு டயர்தானா என்றும் திறந்து பாருங்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் தார்ச்சாலைக்கு மட்டுமே. காற்று அடிக்கும் கம்ப்ரஸர் பேட்டரியில் கவ்விப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னது இரண்டு டயருக்குள் சூடேறி நின்றுவிடும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரப் பலகை கட்டாயம்; அது இல்லாமல் மணலில் ஜாக்கி போட்டால் வண்டி உயராது, ஜாக்கிதான் கீழே புதையும்.

நவம்பர் 14, ஜோஷுவா ட்ரீ

ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரில் கேன்களை நிரப்பி, பெட்ரோலும் விறகும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தோம். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. குடிநீர்க் குழாய் ஓரங்களில் சில இடங்களில்தான், நடுவில் இல்லை. நாங்கள் கூடாரம் போட்டிருக்கும் ஜம்போ ராக்ஸ் முகாமிலும் இல்லை. கீழே கிடக்கும் காய்ந்த கட்டைகளைப் பொறுக்கவும் தடை. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை ஊரிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. 3,000 அடிக்கு மேல் குளிர்ந்த மொஹாவி, கிழக்கே தாழ்வில் சூடான கொலராடோ பாலைவனம். பின்டோ பேசின் சாலையில் இறங்க இறங்க, யக்கா இனத்தைச் சேர்ந்த ஜோஷுவா மரங்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் சோயா (cholla) என்ற கள்ளியின் தோட்டம்.

சோயாவின் உருண்டைக் கணு லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பின்னோக்கிய நுண்செதில்கள் இருக்கின்றன. உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைப் பிடித்துக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே விட்டு, ஆள் நிற்காத பக்கமாக ஒரே வெட்டில் சுண்ட வேண்டும். மிஞ்சிய முட்களைச் சிறு குறட்டால் ஒவ்வொன்றாக, குத்திய கோணத்திலேயே நேராக இழுக்க வேண்டும். பாதையில் உதிர்ந்து கிடக்கும் உருண்டைகள் மெல்லிய செருப்பின் அடியைத் துளைத்துவிடும். ஷூதான் போட வேண்டும். சீப்பு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும், வண்டியில் இருந்து பயனில்லை.

மாலை 4:40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிவிடுவதால் பகல் இப்படிச் சட்டென்று முடிகிறது. 4 மணிக்குக் கூடாரம் நின்றாக வேண்டும். முகாம் 4,400 அடி உயரத்தில் இருப்பதால் குளிரும் உடனே இறங்குகிறது.

நவம்பர் 15, கெல்சோ

ஆம்பாய் வழியாக கெல்பேக்கர் சாலை. மழை வெள்ளத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளும் சிறு பாலங்களும் அடிக்கடி அடித்துக்கொண்டு போகும். கிளம்புமுன் பூங்காத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் வரக் கூடாது.

கெல்சோ மணல்மேடுகள் சுமார் 650 அடி உயரம். உச்சி விளிம்பிலிருந்து செங்குத்தான பக்கமாகச் சறுக்கினால் மணல் அடித்தொண்டையில் உறுமும். உருண்டையான, ஒரே அளவுள்ள, நன்றாகக் காய்ந்த மணிகள் ஒரே தாளத்தில் உரசிச் சரியும்போதுதான் இது கேட்கும். மழைக்கு மறுநாள் வந்தால் ஒன்றும் கேட்காது. ஏறும்போது ஈரம் காக்கும் கெட்டிப் பக்கமாக, முன்னே போனவரின் தடத்திலேயே காலை வையுங்கள்.

மாலையில், ஜோஷுவா மரக்காடாக இருந்த சீமா டோம் மேட்டுக்குப் போனோம். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மூண்ட தீயில் 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜோஷுவா மரங்கள் போயின. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய ஓராண்டுப் புல்தான் நெருப்பை மரத்துக்கு மரம் கடத்துகிறது. முன்பு செடிகளுக்கு நடுவே வெறும் மண் இருந்ததால் தீ தானாக நின்றுவிடும். யக்கா அந்துப்பூச்சி ஒன்றுதான் இந்த மரத்துக்கு மகரந்தம் சேர்க்கிறது, எரிந்த இடத்தில் நாற்றுக்கு நிழல் தரும் புதரும் இல்லை. இந்தக் கரிக்காட்டைப் பார்க்காமல் ஜோஷுவா மரத்தோடு படம் மட்டும் எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் 16, டெத் வேலி

பேக்கரில் டேங்க்கை முழுதாக நிரப்பினோம். பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் பெட்ரோல் உண்டு, ஆனால் விலை கடுமை. பேக்கரில் நிற்கும் 134 அடி வெப்பமானிக் கம்பம், ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக வைத்தது. செல்சியஸில் 56.7.

நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான்.

முதலில் 5,475 அடி உயர டான்டேஸ் வியூ காட்சிமுனை, பிறகு கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே பேட்வாட்டர் உப்புச் சமவெளி. இறக்கம் முழுக்கத் தாழ்ந்த கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் திரவம் கொதித்து பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். பேட்வாட்டரில் வண்டி நிறுத்துமிடத்தருகே உப்பு மிதிபட்டு அழுக்காக இருக்கிறது. ஒரு மைல் நடந்தால் தான் அறுகோணக் கட்டங்கள் வெள்ளையாக, விளிம்பு தூக்கி நிற்கின்றன. கோடையில் காலை 10 மணிக்குமேல் இந்த நடை கூடாது.

ஃபர்னஸ் கிரீக்கில் டிம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. காலங்காலமாக அவர்கள் வாழ்ந்துவரும் நிலத்தில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு 2000-இல்தான் சட்டப்படி திருப்பிக் கொடுத்தது. டெத் வேலி என்று மரணத்தின் பெயரை இந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்தவர்கள் 1849-இல் தங்கம் தேடி வந்து இங்கே மாட்டிக்கொண்டவர்கள்.

நவம்பர் 17, ரேஸ்ட்ராக்

உபெஹெபே எரிமலைப் பள்ளத்தில் தார் முடிகிறது. அங்கிருந்து, கற்கள் தாமாக நகர்ந்து தடம் விடும் ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரிச் சமவெளிக்கு 27 மைல் மண்பாதை. போக மட்டும் இரண்டு மணி நேரம். சிக்னல் இல்லை. இழுவை வண்டி வந்தால் கட்டணம் ஆயிரங்களில்.

பாதை முழுக்க வரிவரியாக மேடுபள்ளம். அதற்கு நடுவே விளிம்பு கூரான கற்கள். சாதாரணக் கார் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, கல் அதைக் கிழித்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. மையத்தில் ஓட்டை விழுந்தால்தான் திரி செருகி அடைக்கலாம். எங்கள் வண்டியில் கனமான எல்.டி. (லைட் டிரக்) டயர்கள். தார் முடிந்த இடத்தில் 36-இலிருந்து 26 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை இறக்கினோம். டயர் வளைந்து கல்லை வாங்கிக்கொள்ளும், குலுக்கலும் பாதியாகும். இன்னும் இறக்கினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, காக்க நினைத்த பகுதியே கல்லுக்கு இலக்காகும். வேகம் 20 மைலுக்குள். வேகமாகப் போனால் குலுக்கல் குறைவது உண்மை. ஆனால் டயர் தரையைத் தொடாமல் மேட்டுக்கு மேடு தாவுவதால் வளைவில் ஸ்டீயரிங் கேட்காது. ஷாக் அப்சார்பரும் சூடேறித் தளரும்.

டீகெட்டில் ஜங்ஷனில் பெயர்ப்பலகை முழுக்கக் கெட்டில்கள் தொங்குகின்றன. அங்கே ஒரு கார் பின்டயர் கிழிந்து ஒல்லி ஸ்டெப்னியில் நின்றது. அவர்களுக்கு எங்கள் பலகையும் தண்ணீரும் உதவின. மேலே போகாமல் திரும்பிவிட்டார்கள். நல்ல முடிவு.

நகரும் கற்கள் சமவெளியின் தென்கோடியில். முதல் நிறுத்தத்தில் இறங்கிவிடாமல் இன்னும் இரண்டு மைல் போய் நடக்க வேண்டும். காய்ந்த சேறு உள்ளங்கையைவிடச் சின்னக் கட்டங்களாக வெடித்திருக்கிறது. கல்லின் தடம் விரல் ஆழம்கூட இல்லை. இருபுறமும் மெல்லிய வரப்பு, கல்லின் முன்னால் ஒதுங்கி உறைந்த சிறு சேற்றுக் குவியல். எப்படி நகர்கின்றன என்பதை 2013 டிசம்பரில் நேரில் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆழமில்லாத தண்ணீர் இரவில் சில மில்லிமீட்டர் பனித்தகடாக உறையும். வெயிலேறியதும் அது பெரிய பலகைகளாக உடையும். இலேசான காற்று பலகையைத் தள்ள, பலகை கல்லைத் தள்ளும். வேகம் நிமிடத்துக்குச் சில மீட்டர்தான்.

தரை ஈரமாக இருந்தால் காலே வைக்கக் கூடாது, தடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். 2016-இல் ஒரு வண்டி உள்ளே சுற்றிய தடம் சுமார் 10 மைல். கல்லைத் திருடிப் போனவர்களும் உண்டு.

நவம்பர் 18, லோன் பைன்

நேற்று தார் தொடங்கிய இடத்திலேயே 36-க்குக் காற்றை ஏற்றிவிட்டோம். குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் உள்ளே வெந்துவிடும்.

இன்று ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து டவுன் பாஸ் ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து 17 மைலில் 4,956 அடி. இந்தக் குளிரில் வெப்பமுள் அசையவில்லை. கோடையில் வருபவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏற வேண்டும். முள் ஏறினால் ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள், அது எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரங்கட்டி, வண்டியின் முகத்தைக் காற்றடிக்கும் பக்கம் வைத்து, எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுங்கள். அப்போதும் முள் இறங்காவிட்டால் அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு மணி நேரமாவது கை வைக்கக் கூடாது.

லோன் பைனில் சக்கர நட்டுகளைச் சோதித்தோம், முன் இடப்பக்கம் இரண்டு கால் சுற்று தளர்ந்திருந்தன. நம்பர் பிளேட் திருகு ஒன்று காணோம். ஏர் ஃபில்டரைத் தட்டியதில் ஒரு கைப்பிடி மண். நாளை காலை அடிப்பாகத்தை அலசி, ஃபில்டரை மாற்றிவிட்டுத் தெற்கே 395 நெடுஞ்சாலையில் இறங்குகிறோம்.