தொட்டால் வலிக்காத வயிறு

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வயிற்று வலி என்று வருகிறவர்களில் பலர், நோயின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். "கேஸ் சார், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது. வயிறு பலகையாக இறுகி, அசையக்கூடப் பயந்து படுத்திருப்பவரும் என்னைக் குழப்புவதில்லை. குடற்புண் ஓட்டையாகியிருக்கலாம் என்று பார்த்ததுமே தோன்றும். நிற்க வைத்து மார்பு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும், சர்ஜனைக் கூப்பிட்டுவிடலாம். ஆள் வலியில் புரள்கிறார், கை வைத்து அழுத்தினால் வயிறு மெத்தென்று இருக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

விடியற்காலையில் கிராமத்திலிருந்து ஒருவர் வயிற்று வலி, வாந்தி என்று வந்தால், என்ன சாப்பிட்டார் என்பதற்கு முன்னால் எங்கே படுத்தார் என்று கேட்பேன். அப்படிக் கேட்டபோது ஒரு விவசாயியின் மனைவி சொன்னார்: "உள்ள புழுக்கமா இருக்குன்னு வாசல்ல பாய் போட்டுத் தரையில படுத்தாரு சார்." வயிற்றில் ஒன்றும் தட்டுப்படவில்லை. உடம்பில் கடித்த தடமும் இல்லை. மேலே பார்க்கச் சொன்னேன். இமைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

கட்டுவிரியன். அதன் பல் சிறியது. தூக்கத்தில் கடித்தால் பலருக்குத் தெரிவதே இல்லை, வீக்கமும் இருக்காது. முதலில் வயிற்று வலி, அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனை கண்ணாடி விரியன் கடிக்கு உதவும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அவருக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினோம். மூச்சு தளர்ந்ததும் வென்டிலேட்டரில் வைத்தோம். பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978இல் தொடங்கிய சங்கம் அது. குப்பியை உடைக்கும்போதெல்லாம் அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

இதயமும் இப்படித்தான் வயிற்றின் பெயரில் வரும். அதன் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், வியர்வை என்று தொடங்கலாம். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் போகலாம். அதனால் நடுவயதைத் தாண்டிய யாருக்கும் மேல்வயிற்றில் வலி என்றால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிடுவேன். ஜெலுசில் குடித்ததும் குறைந்துவிட்டது என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நாடி தாறுமாறாகத் துடிக்கும் முதியவர் என்றால், குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் உடனே பார்க்க வேண்டும். அறுபதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் வலி வருகிறதா? சிறுநீரகத்தோடு, உடம்பின் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வீங்கிக் கசிகிறதா என்றும் ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது.

இளம்பெண்கள் விஷயத்தில் தடங்கல் வேறு. மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் அம்மா பதில் சொல்வார். "அம்மா, நீங்க போய் ஓ.பி. சீட்டு போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்பேன். என்ன பதில் வந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை உண்டு, சில நிமிட வேலைதான். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தால் தோள்பட்டை வலிக்கும். தோள் வலிக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும், அவர்களுக்கு அது வயிற்றோடு சேர்ந்ததாகவே தோன்றாது.

வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் பழையது. வலி கொஞ்சம் தணிந்தவர் வயிற்றைத் தளர்த்திக் காட்டுவார், பரிசோதனை இன்னும் தெளிவாகும். துடிக்கிறவரைக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றித்தான் பெரும்பாலும் தொடங்கும். முதல் சில மணி நேரம் ரத்தப் பரிசோதனைகூடச் சாதாரணமாக இருக்கலாம். அதனால் வீட்டுக்கு அனுப்புகிறவர்களின் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன்: வலி வலப்பக்கம் கீழே இறங்கினால், காய்ச்சல் வந்தால், வாந்தி நிற்காவிட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் திரும்பி வாருங்கள்.