மொரிஸ் மைனருக்குக் கொழும்பில் என்ன விலை?

பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எழுதுகிற பதில் ஒன்றுதான்: காரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மேலே பளபளவென்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடியில் 'லெஸ்னி' என்றும் 'மேட் இன் இங்லண்ட்' என்றும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். லண்டனில் மேட்ச்பொக்ஸ் கார்களைச் செய்த லெஸ்னி கொம்பனி 1982இல் நொடித்துப்போய்க் கைமாறியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் மக்காவு, சீனா, தாய்லாந்து என்று இருக்கும். அவையும் நல்ல சாமான்தான், ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அவற்றைக் கேட்பதில்லை. ஹொட் வீல்ஸ் என்ற அமெரிக்க விளையாட்டுக் கார் என்றால் இன்னொரு கூத்து. அடியில் 1969 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அரை நூற்றாண்டுப் பொக்கிஷம் கையில் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அது அந்த வடிவத்தின் உரிமை பதிவான ஆண்டு. அதே வார்ப்பில் பல வருடம் கழித்தும் கார் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்ததாக ரிவெட்டைப் பார்ப்பேன். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து, அந்த இடத்தில் ஸ்குரூ போட்டிருந்தால், யாரோ கழற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறார். பெயின்ட் அடித்ததைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறார்கள்.

நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இந்தக் கார் வியாபாரம் ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளும் மட்டும்தான். வெள்ளவத்தையில், கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் வீடு. பழைய கார்களை வைத்திருக்க இதைவிட மோசமான இடம் இலங்கையில் இல்லை. காரின் உடல் நாகம், அதாவது துத்தநாகம், கலந்த உலோகம், அதற்குக் கறள் பிடிக்காது. ஆனால் சில்லைக் கோத்திருக்கும் அச்சு இரும்பு. உப்புக்காற்று பட்டால் ஒரே மாரியில் செம்மஞ்சளாகிவிடும். அதனால் என் அலுமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரைப் போத்தல்களில் வருவதைக்கூட மனைவி எடுத்து வைத்துத் தருவார்.

கறளையாவது சமாளிக்கலாம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய டிங்கி கார்களுக்கு வருகிற வியாதிக்கு மருந்தே கிடையாது. லிவர்பூலில் மெக்கானோ கொம்பனி டிங்கி என்ற பெயரில் 1930களில் வார்த்த கார்கள் பலவற்றில், நாகக் கலவைக்குள் கொஞ்சம் ஈயம் கலந்துபோயிருந்தது. கொஞ்சம் என்றால் மிகமிகக் கொஞ்சம். அது போதும். வெப்பமும் ஈரமும் சேர, உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வீங்கி, வளைந்து, கடைசியில் பொடியாகும். இரண்டும் கொழும்பில் தாராளமாக உண்டு. பம்பலப்பிட்டியில் ஒரு அம்மா, தன் தகப்பனாரின் டிங்கி என்று பஞ்சில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து வந்து காட்டினார். பிரித்தால் உள்ளே துண்டு துண்டாகக் கிடந்தது. "நேற்றும் ஒழுங்காகத்தானே தம்பி இருந்தது" என்றார். நேற்றுப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அதை எப்படிச் சொல்வது.

பெட்டியோடு இருந்தால் விலை எகிறும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். இங்கே பெட்டிகளைக் கறையானும் ராமபாணப் பூச்சியும் தின்றுவிட்டன. மிச்சத்தைப் பிள்ளைகள் தின்றிருக்கும். பழைய பெட்டி என்று யாராவது புத்தம் புதிதாக ஒன்றை நீட்டினால், அது பிரதி எடுத்து அச்சடித்தது என்றே எடுத்துக்கொள்வேன்.

சரி, கார்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் வீடு விற்கிறவர்களிடமிருந்து. பிள்ளைகளோடு கனடாவுக்கோ லண்டனுக்கோ போகப்போகிற வயதானவர்கள், நாற்பது வருடச் சாமான்களைப் பதினைந்து நாளில் ஒழிக்கவேண்டிய நிலையில் இருப்பார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு உறவினர்கள் சண்டை பிடிப்பார்கள், தையல் மெஷினுக்கு ஆள் வரும். பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் கார்களைப் போத்தல் பேப்பர்காரர் நிறுத்து எடுத்துப் போய்விடுவார். அவரிடமிருந்துதான் நான் நிறைய வாங்கியிருக்கிறேன். இப்போது அவருக்கும் விவரம் தெரிந்துவிட்டது. அடியைக் கவிழ்த்துப் பார்த்து "இங்லண்ட் சார்" என்று விலையைக் கூட்டுகிறார்.

என் கைக்கு வந்தவற்றில் 1950கள், 60களின் கார்கள் இருக்கும், 1977க்குப் பிந்தியவை இருக்கும், நடுவில் ஒரு பள்ளம். 1970 முதல் 77 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. சாப்பாட்டுச் சாமானுக்கே வரிசையில் நின்ற நாட்டில், விளையாட்டுக் கார் யார் கொண்டுவருவது? அந்தக் காலத்து லெஸ்னி ஒன்று கிடைத்தால், கப்பலில் வேலை செய்த மாமாவோ, லண்டனில் படித்த அண்ணாவோ அந்தக் கதையில் கட்டாயம் இருப்பார்.

விலைக்கு வருகிறேன். இணையத்தில் பார்த்துவிட்டு, கோர்கி என்ற இன்னொரு பிரித்தானிய விளையாட்டுக் கார் வகையின் ஜேம்ஸ் பொண்ட் கார்தான் பெரிய சொத்து என்று எல்லோரும் சொல்வார்கள். 1965இல் வந்த தங்கநிற அஸ்டன் மார்ட்டின். விசையை அமுக்கினால் கூரை திறந்து ஆள் பறப்பார், அந்த ஆள் அநேகமாகத் தொலைந்திருப்பார். என்னிடம் இருந்த ஒன்று, இரண்டு வருடமாக விற்காமல் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் கையில் எடுத்து, அமுக்கிப் பார்த்து, சிரித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் பயணப்பெட்டியில் மெல்பேர்னுக்குப் போனது.

அதே அலுமாரியில் இருந்த மேட்ச்பொக்ஸ் 46ஆம் இலக்க மொரிஸ் மைனர், கடும்பச்சை, முன்பக்கம் பெயின்ட் உதிர்ந்தது, வைத்த வாரமே போனது. கொழும்பில் டாக்சியாகவும் டொக்டர்மாரின் காராகவும் ஓடிய வண்டி அல்லவா. வாங்க வந்தவர் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். பேரம் பேச வந்தவரைப் போல உட்கார்ந்தார், காரைக் கையில் எடுத்ததும் பேரத்தை மறந்துவிட்டார். அப்பாவின் காரில் பின்சீட்டில் எத்தனை பேர் நசுங்கிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போனார்கள் என்று தொடங்கி, ரேடியேட்டர் சூடேறி நின்ற இடங்கள் எல்லாவற்றையும் சொன்னார். ஏழாயிரம் சொன்னேன், கொடுத்தார். இங்கிலாந்தில் அதே நிலையில் உள்ளதை அதைவிடக் குறைவாக எடுக்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

என் கணக்கு அதன்பிறகு மாறியது. கொழும்பில் விலையைத் தீர்மானிப்பது, வாங்குகிறவர் வீட்டு முற்றத்தில் நின்ற கார்தான். ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், போர்ட் அங்லியா என்றால் நான் யோசிக்காமல் வாங்கி வைப்பேன். அமெரிக்கக் கார்கள் எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும், யாருடைய அப்பாவும் ஓட்டாதவை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, நிஜக் கார்களின் விலை ஏறியபோது, "ஐயா, இதையாவது வாங்கி ஷோகேஸில் வைப்போம்" என்று பகிடியாகச் சொல்லி வாங்கியவர்களும் உண்டு. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே எனக்கு மெசேஜ் போட்டு ஒரு அங்லியாவை ஒதுக்கச் சொன்ன தம்பி, இன்றைக்கும் வாடிக்கை.

இதில்தான் தகராறும் வருகிறது. "எங்களுடையது கறுப்பு, இது பச்சை. கறுப்பு அடித்துத் தாருங்கள்" என்பார்கள். இரட்டைத்தட்டு பஸ் வாங்குகிறவர் இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்று எழுதித் தரச் சொல்வார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, லண்டனில் ஓடிய பழைய பஸ்களேதான் இங்கே வந்து ஓடின. ஆனால் லெஸ்னி பஸ்ஸின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் 'பிபி விஸ்கோ ஸ்டேட்டிக்' எண்ணெய் விளம்பரம், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிய மெல்லிய படலம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலே போய்விடும், அதன்மேல் பெயின்ட் அடிக்க எனக்குக் கை வராது. உதிர்ந்த பெயின்ட் உதிர்ந்ததாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. யாரோ ஒரு பையன் சீமெந்துத் தரையில் ஓட்டித் தேய்த்த காயம் அது. கறுப்பு வேண்டுமானால் பிளாஸ்டிக் கார் ஒன்றை வாங்கி வாருங்கள், அடித்துத் தருகிறேன். அப்பாவின் காரில் இருந்த, ஈ.என். என்று தொடங்கும் பழைய இலக்கத்தகட்டைச் சிறிதாக அச்சடித்துக் கொண்டுவந்தவரிடம், அதைக் காரில் ஒட்டாமல் கீழே வைக்கும் பலகையில் ஒட்டச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஒட்டினார்.

இப்போதைக்கு கைவசம்: மொரிஸ் ஒக்ஸ்போர்ட் டிங்கி ஒன்று, டயர் மாற்றியது. கேம்பிரிட்ஜ் இரண்டு, ஒன்றுக்கு அச்சு வளைவு. தேடுவது 1966இல் மேட்ச்பொக்ஸ் விட்ட எம்ஜி 1100, பச்சை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிற நாயோடு. தெஹிவளையில் ஒரு அக்கா கேட்டிருக்கிறார், அவர்கள் வீட்டில் காரும் இருந்ததாம், அப்படி எட்டிப்பார்க்கிற நாயும் இருந்ததாம். வைத்திருப்பவர்கள் அடிப்பக்கத்தோடு சேர்த்து ஜன்னல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். நாய் இல்லாத கார் என்றால் பாதி விலைதான் தருவேன்.