கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன்னால் பேதி மருந்து: நான் பட்ட பாடு

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்துச் செய்யும் முறையில், கர்ப்பப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "முதல் நாள் வயிற்றைச் சுத்தம் பண்ணணும்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடமே அதைக் காட்டி, "எனக்கு இது வேணுமா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

எனக்கு 46 வயது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி, மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. மாத்திரையெல்லாம் பார்த்து ஓய்ந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மே கடைசியில் தேதி வாங்கினோம். எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவர் கரையில் இருக்கும்போதே முடித்துவிட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றுதான் அந்தத் தேதி.

கவுன்ட்டரில் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். பேதிப் பொடி ஒரு பாக்கெட், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து முதல் நாள் மாலை குடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் சோறு கூடாது. எதுக்கு என்று கேட்டதற்கு, "லேப்ராஸ்கோப்பின்னா எல்லாருக்கும் இதுதான்க்கா" என்றார் அந்தப் பெண். நான் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிற வீட்டில் இரண்டு லிட்டரை அந்த உப்பும் இனிப்புமான பொடிக்கு ஊற்றினேன். பாதி குடிப்பதற்குள் குமட்டல். இரண்டு தடவை வாந்தி. எட்டு மணிக்குத் தொடங்கிய பேதி நிற்கவேயில்லை. மே மாதப் புழுக்கத்தில் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடந்தே கால் தளர்ந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு மதுரையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் போக முடியாது என்று தெரிந்து இரவு இரண்டரைக்கு வாடகைக் கார் பிடித்தோம். ராமநாதபுரம் தாண்டுவதற்குள் ஒருமுறை இறங்கினேன். பரமக்குடிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவரை எழுப்ப வீட்டுக்காரர் ஓடினார். அந்த நேரத்தில் நான் பட்ட அவமானத்தை எழுதக்கூட மனம் வரவில்லை. பார்த்திபனூர் வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, மகள் மடியில் படுத்துவிட்டேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். மயக்க மருந்து டாக்டர், "இந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நான் சாப்பிடும் பி.பி. மாத்திரையில் சிறுநீரைப் போக்கும் மருந்தும் சேர்ந்திருந்ததாம். அதுவே பொட்டாசியத்தைக் குறைக்கும், அதோடு பேதியும் வாந்தியும். ஆபரேஷனுக்குப் பதிலாக ஒரு நாள் முழுக்க டிரிப்ஸ்தான் ஏறியது. கார் வாடகை, அறை வாடகை எல்லாம் வீண்.

சாயங்காலம் ஆபரேஷன் டாக்டரம்மா வந்தார். தாளைக் காட்டினேன். "இதை யாரும்மா குடிக்கச் சொன்னது? பழைய தாளை இன்னும் கொடுத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். குடல் காலியாக இருந்தால் கேமராவில் இடம் நன்றாகத் தெரியும், தப்பித்தவறிக் குடலில் காயம் பட்டாலும் கிருமி பரவாது என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். பேதி மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, டாக்டருக்குத் தெரிகிற காட்சியிலும் சரி, தொற்றிலும் சரி, சொல்லும்படியான பலன் இல்லை. நோயாளிக்குத்தான் வாந்தியும் தூக்கமின்மையும் சோர்வும். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தினாலே குடல் மேலே நகர்ந்து இடம் விட்டுவிடுமாம். ஈராஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் வெளியிட்டு 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், இந்த மாதிரி ஆபரேஷனுக்கு வழக்கமாகப் பேதி மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

எல்லாருக்கும் வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) மலக்குடல் வரை இறங்கியிருந்தாலோ, குடலில் கத்தி வைக்க வேண்டியிருக்கலாம் என்றாலோ, ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு சேர்த்து டாக்டரே எழுதித் தருவார். அப்போது குடித்துத்தான் ஆக வேண்டும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், அட்டையோடு, முதல் தடவை பார்க்கும்போதே மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை கொடுத்த தேதி ஜூன் முதல் வாரம். முதல் நாளே ரயிலில் போய் அட்மிட் ஆகிவிட்டேன். இரவு இட்லி சாப்பிட்டேன். கெட்டி ஆகாரம் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம் என்றார்கள். விடிகாலையில் சீனி போட்ட வரக்காப்பி குடித்தேன், பால் சேர்க்கக் கூடாது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவுதான். வயிறு சுத்தம் பண்ணாததால் என்ன ஆகுமோ என்று உள்ளூரப் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மலம் சாதாரணமாகவே போனது.

ஜூன் 15க்கு மேல் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார். மறுபரிசோதனைக்கு மகளோடு போனேன். அதே கவுன்ட்டரில், தொண்டியிலிருந்து வந்த ஓர் அக்கா கையில் அதே தாளும் புதிதாக வாங்கிய பொடிப் பாக்கெட்டும். என் கதையைச் சொல்லி, "உள்ளே போனதும் டாக்டரம்மாகிட்ட இதைக் காட்டுங்கக்கா" என்றேன். கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். "எனக்கு வேண்டாம்னுட்டாங்கம்மா" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க மருந்துக்கடைப் பக்கம் போனார்.