மூன்று சவரக்கத்திகள்: தீட்டல் இதுவரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே மடக்குச் சவரக்கத்திகளும் கிடக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டு ஊர்ச் சரக்குதான்: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன். அங்கே பொறுக்கிய மூன்றை வீட்டிலேயே தீட்டி, முகத்தில் வைக்கும் பதத்துக்குக் கொண்டுவரும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

மேல்துரு இருந்தால் கவலை இல்லை. வாயோரத்தில், அதாவது வெட்டும் விளிம்பில், குழி விழுந்திருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிடி செல்லுலாய்டா என்றும் பாருங்கள். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வரும் அமில ஆவி, உள்ளே மடங்கிக் கிடக்கும் இரும்பைத் தின்றுவிடும். பிடி பளபளவென்று இருந்து, அதற்குள் இருந்த பகுதி மட்டும் அரித்திருந்தால் இதுதான் காரணம். சாணைச் சக்கரக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சூட்டில் வாய் நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விடும்.

என்னிடம் இருப்பவை 1000, 3000, 8000 கிரிட் தண்ணீர்க் கற்கள், அதாவது நனைத்துத் தீட்டும் கற்கள். கிரிட் எண் கூடக் கூடக் கல் நைஸாகும். கல் சமமாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள் அல்லவா, அப்படி ஒரு கண்ணாடியைப் பட்டறையில் கேட்டு வாங்கி, அதன்மேல் 220 வாட்டர் பேப்பரை ஒட்டிக் கல்லைத் தேய்க்கிறேன். கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டுத் தேய்த்தால், கோடு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.

சவரக்கத்தியில் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுக்கும். முதுகின் தடிமனே கோணம். பொதுவாக 16, 17 டிகிரி வரும். ஆனால் கத்தியின் வயிறு, அதாவது முதுகுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள பக்கம், எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை அடியோடு மாறுகிறது.

முதல் கத்தி ஷெஃபீல்டு. ஆப்பு மாதிரி தட்டையான வயிறு, கனமான முதுகு. வயிறு கிட்டத்தட்ட முழுதும் கல்லில் உரசுவதால் இரும்பு தேய மறுக்கிறது. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். முதுகு மயிரிழை உயர்ந்து, வாய் மட்டும் கல்லைப் பிடித்தது. டேப் தேய்ந்ததும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது சோலிங்கன், வயிறு குழித்தது. நகத்தால் சுண்டினால் கணீரென்கிறது. இதற்கு டேப் தேவையில்லை, கை லேசாக இருந்தால் போதும். அமுக்கினால் மெல்லிய இரும்பு வளைந்து, வாய் ஒரு பக்கம் அகலமாகத் தேயும். பள்ளத்தூரில் ஒரு வயதான சலூன்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க தள்ளாதீங்க. கத்தி அதோட கனத்துல போவட்டும்” என்றார். அதற்கு மேல் யாரும் சொல்வதற்கில்லை.

இரண்டு கத்தியிலும் நான் பார்த்தது இதுதான்: வேலையெல்லாம் 1000 கல்லில். வாய் முழு நீளமும் முன்கை முடியைச் சிரமமில்லாமல் எடுக்கும்வரை 3000 பக்கம் போவதில்லை. விளக்கின் கீழே வாயை நேராகப் பார்த்தால், மொன்னையான இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு மேற்பட்ட கிரிட் கற்கள் மெருகேற்ற மட்டும்தான். பன்னிரண்டாயிரம் கிரிட்டில் காசைக் கொட்டுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது.

அப்புறம் தோல்வார். கல்லில் வாய் முன்னே போகும்; வாரில் முதுகு முன்னே. வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும், அதனால் ஜன்னல் கம்பியில் கட்டி இறுக்கிப் பிடிக்கிறேன். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். முதலில் கித்தான், பிறகு தோல்.

சோலிங்கன் இப்போது தாடையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஷெஃபீல்டு கன்னத்துக்கு ஓகே, மீசைக்கு மேலே இழுக்கிறது. 8000-ல் இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டுக்கும் தையல் மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போகிறது.

மூன்றாவதுக்கு வாய் பிறை போல வளைந்தது. மார்க்கரால் வாயில் மை தடவிக் கல்லில் ஓட்டினால் நடுவில் மட்டும் மை போகிறது. நுனியிலும் அடியிலும் அப்படியே நிற்கிறது. கத்தியைக் குறுக்காக இழுத்துக்கொண்டே மெல்ல உருட்ட வேண்டும். அடிப்பக்கம் மை போக ஆரம்பித்திருக்கிறது. நுனி இன்னும் 1000 கல்லிலேயே அடம்பிடிக்கிறது.