தலை குனியும் ஊரில் மார்தட்டும் பாட்டு

தென்கொரியாவின் சுவோனுக்குக் குடிவருகிற நம்மவர்கள் குளிருக்குக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம். அமைதிக்குத்தான் பழகியாக வேண்டும். சியோலுக்குப் போகிற மெட்ரோவில் பெட்டி நிறைய ஆள் இருந்தாலும், ஊருக்குப் போன் போட்டு "சாப்டாச்சாம்மா?" என்று நம் குரலில் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ராத்திரியில் மிக்சி ஓட்ட முடியாது. ஆய்வகத்தில் பேராசிரியர் நுழைந்தால் எழுந்து தலை குனிய வேண்டும். விருந்தில் மூத்தவருக்கு சோஜு என்ற கொரிய மதுவை இரண்டு கையாலும் ஊற்றிவிட்டு, நம் கோப்பையை முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும்.

இவ்வளவு அடக்கமான நாட்டில்தான் மார்தட்டுகிற பாட்டுகளும் பிறக்கின்றன. அவற்றை நான் சரியாகக் கேட்டது காயின் நோரேபாங்கில், அதாவது காசு போட்டுப் பாடும் கரோக்கி அறையில். ஆயிரம் வோன் நோட்டைச் செருகினால் சில பாட்டு பாடலாம். நாலு பேர் முட்டிக்கொண்டு உட்காரும் அறை, இரண்டு மைக், ஒரு தாம்புரின். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பையன் இருக்கிறான். கூட்டங்களில் தன் ஷூவைப் பார்த்தே பேசுவான். அவன் அங்கே எப்போதும் போடுவது பி.டி.எஸ். என்ற கொரிய பாப் குழுவின் 'ஐடல்'.

2018 ஆகஸ்டில் வந்த பாட்டு. என்னைக் கலைஞன் என்று சொல், வேறு எதுவாவது சொல், எனக்குக் கவலையில்லை என்கிற தெனாவட்டுதான் மொத்தமும். ஆனால் அந்தத் தெனாவட்டு வரிகளில் இருப்பதைவிட தாளத்தில்தான் அதிகம். அடியில் ஓடுவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த க்கோம் நடன இசையின் சாயல். (1860 முதல் நம் ஆட்கள் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பன்!) அதற்கு மேலே கொரிய மேளம். ஜாங்கு மேளத்தை வாயால் சொல்லிக் கற்பிக்கும் 'தொங், கிதொக், குங்' என்ற சொற்கட்டு பாட்டுக்குள்ளேயே வருகிறது. மிருதங்க வகுப்பு வாசலைத் தாண்டிப் போனவர்களுக்குக்கூட அது புரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது இடையில் விழும் கூச்சல்கள். "ஒல்சு!", "சிஹ்வாஜா!" இவை சுயிம்சே. பான்சோரி கதைப்பாட்டில் பாடகர் உச்சத்துக்குப் போகும்போது மேளக்காரரும் சபையும் எழுப்புகிற உற்சாகக் குரல். 'ஐடல்' அதை அப்படியே எடுத்துக்கொண்டதால், ஒருவன் தன்னைப் புகழ்ந்து முடிப்பதற்குள் சுற்றியிருப்பவர்கள் ஆமோதித்துவிடுகிறார்கள். தனியாகப் பீற்றிக்கொள்பவனைக் கண்டால் எரிச்சல் வரும். ஊரே பின்பாட்டுப் பாடினால் அது திருவிழா. அதே வருடம் டிசம்பரில், சியோலின் கோச்சோக் அரங்கில் நடந்த மெலான் இசை விருது விழாவில், மேள நடனம், விசிறி நடனம், முகமூடி ஆட்டம் மூன்றையும் முன்னால் வைத்துவிட்டுத்தான் இந்தப் பாட்டுக்குள் போனார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

சரி, நோரேபாங்குக்கு வருவோம். நம் பையன் முதல் அடி விழுந்ததும் சோபாமீது ஏறிவிடுவான். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, மூச்சு வாங்கும், ராப் வரிகளில் பாதியை விழுங்கிவிடுவான். ஆனாலும் கண்ணை மட்டும் தாழ்த்த மாட்டான். அந்த வேகத்துக்கு என் கொரிய மொழி எட்டாது, அதனால் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை "ஒல்சு!" போடுவது. கொஞ்சம் தாமதித்தால் பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டி, ஊம், இப்போது என்று சைகை காட்டுவான். ஆய்வகத்தில் நான் அவனுக்கு சீனியர். நோரேபாங்கில் அவன்தான் எனக்கு.