தமிழ் புரிந்தவன் முதலில் கிளம்பினான்

"எனக்குத் தமிழ் புரியுது சார், அதான் போறேன்." 2023 மார்ச்சில் எங்கள் தொழிலாளர் ஹாஸ்டல் வாசலில் பையும் கையுமாக நின்று அந்த பீகார்ப் பையன் சொன்னது இது.

ஹாஸ்டல் டிவியில் இந்தி, போஜ்புரி சேனல்களை நிறுத்தி, தமிழ் மட்டும் போடச் சொன்னவன் நான்தான். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவனுக்கு "மிஷினை நிறுத்து" என்றால் புரிய வேண்டாமா? பாதுகாப்பு விஷயம் என்று எழுதியே கொடுத்தேன். அதில் பொய்யில்லை. ராத்திரி சீரியலில் யார் மிஷினை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மற்றவர்கள் போனோடு கட்டிலில் சுருண்டுவிட்டார்கள். பீகாரில் சாப்ரா பக்கத்துப் பையன் இவன் ஒருவன்தான் உட்கார்ந்து பார்த்தான். ஆறே மாதத்தில் பேசினான், சீரியல் தமிழ். சாம்பார் குறைந்ததற்கு கேன்டீன் அக்காவிடம் "உன்னை நிம்மதியா வாழ விடமாட்டேன்" என்றான். அக்கா சிரித்துச் சிரித்து இன்னொரு கரண்டி ஊற்றினார். எனக்கும் பெருமைதான், ஒளிப்பானேன்.

பிறகு, பீகார்க்காரர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று அந்த வீடியோக்கள் வந்தன. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தகராறு என்று டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பீகார் அரசும் குழு அனுப்பி விசாரித்தது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

"வீடியோ பொய்னு தெரியும் சார். கீழ எழுதியிருக்கிறது?"

போனை நீட்டினான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'வடக்கன்' என்று ஆரம்பித்து வரிசையாக. எழுதியவர்கள் நம்மவர்கள்தான்.

"ரூம்ல மத்தவங்களுக்கு இது புரியாது, நிம்மதியாத் தூங்குறாங்க. டீக்கடையில பேசுறதும் எனக்குப் புரியுது."

ஹோலி நேரம், எப்படியும் ஊருக்குப் போயிருப்பான் என்று சொல்லிக்கொள்கிறேன். டீக்கடைப் பேச்சைத் தெரிந்துகொள்ளாமலே இருப்பதுதான் நல்லதா என்றால், அதுவும் இல்லை. தமிழ் தெரிந்ததால்தான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். தெரியாதவன் சொல்லாமல் போயிருப்பான். ஆனால் ஓசூரில் எங்கள் பாட்டி கடைசிவரை தெலுங்கிலேயே பேசிச் செத்தாள். அவளை யாரும் சீரியல் முன்னால் உட்கார வைக்கவில்லை.

"கமெண்ட் எழுதுறவன் எல்லாம் ஊர் இல்லப்பா" என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் வாயில் வந்தது, "சம்பளக் கணக்கை முடிச்சிட்டியா?"

ஹோலி முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவன் சூரத்தில் இருக்கிறானாம். போஜ்புரி சேனலைத் திரும்பப் போடச் சொன்னேன். டிவி முன்னால் யாரும் உட்காருவதில்லை.