நான் போட்ட மூன்று

அந்த அம்மாவுக்கு நான் 3 போட்டேன். 1 போட்டிருக்கலாம், 4 கூடப் போட்டிருக்கலாம். அன்றைக்கு மத்தியானம் ஒரு மணி, இன்னும் இரண்டு வீடு பாக்கி, வெயில். இதெல்லாம் காரணமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

2018, கிளிநொச்சிப் பக்கம். மனநல ஆய்வொன்றுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். கையில் ஹாவார்ட் மனவடு வினாக்கொத்தின் தமிழ்ப் பிரதி, யுத்தம் போன்ற அதிர்ச்சிகள் மனதில் விட்ட பாதிப்பை ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை போட்டு அளக்கிற படிவம். 2009 மே மாதம், யுத்தம் முடிகிற நேரம், வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் அந்த அம்மா. நினைவூட்டும் விஷயங்களைத் தவிர்க்கிறீர்களா என்ற கேள்விக்குச் சிரித்தார். "தவிர்க்கிறதோ? கந்தசுவாமி கோயிலடிப் பந்தலிலை ஒரு வருசமாய் போய் இருக்கிறன், பிள்ளை." காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் நடத்திய பந்தல் அது. சரி, அதற்கு 1. அதில் குழப்பமில்லை.

குழப்பம் எதிர்காலக் கேள்வியில். எதிர்காலமே இல்லை என்பது போல் உணர்கிறீர்களா? இல்லவே இல்லை, கொஞ்சம், கூடுதலாக, மிக அதிகமாக.

"அவன் வரட்டும், பிறகு பாப்பம்."

பயிற்சியில் சொல்லித் தந்தபடி, ஒரு சொல்லும் மாற்றாமல் திரும்பவும் வாசித்தேன்.

"உண்டெண்டாலும் எழுதுங்கோ, இல்லையெண்டாலும் எழுதுங்கோ. எழுதினதிலை எனக்கொரு கொப்பி தாங்கோ."

3 போட்டேன்.

இரவு அறையில் கூட்டிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 16 கேள்வி, மற்றப் பதினைந்தும் சேர்ந்து 37. என்னுடைய மூன்றோடு 40, சராசரி சரியாக 2.5. அதுதான் கோடு. 2 போட்டிருந்தால் அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், நோயில்லாதவர். 3 போட்டதால் அந்தப் பக்கம் போய்விட்டார், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுக்க வேண்டியவர் ஆகிவிட்டார். கடிதம் கொடுத்தோம்தான். கொடுத்தது நல்லதுதானே என்று பல நாள் என்னையே சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் மகன் வருவான் என்று காத்திருப்பது எந்த மருந்தில் தீருகிற வருத்தம்? தீரத்தான் வேண்டுமா?

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். ஒரு கட்டம்தானே, மொத்தத்தில் அடிபட்டுப் போகும் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. யுத்தம் முடிந்த கையோடு 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்றில் பி.டி.எஸ்.டி. என்கிற மனவடு நோய் 7 வீதம், பதகளிப்பு 32.6 வீதம் என்று வந்ததை வைத்து வகுப்பில் நாங்கள் பெரிய சண்டையே பிடித்திருக்கிறோம், ஏழுதானா, எங்கள் சனத்துக்கு ஏழுதானா என்று. அந்த ஏழுக்குள்ளும் வெளியிலும் யாரோ ஒருத்தி வெயிலில் நின்று போட்ட மூன்றுகள் எத்தனை இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதியதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். தனி ஆளின் தலைக்குள் மட்டும் தேடாதே, குடும்பத்தையும் ஊரையும் பார் என்பது அதன் சாரம். பாடமாக்கினவள்தான் போய்த் தனி ஆளின் தலைக்குள் ஒன்றிலிருந்து நான்கு வரை தேடினேன். வேறென்ன செய்வது, படிவத்தில் ஊருக்குக் கட்டம் இல்லை. இல்லை, இதுவும் சாட்டுத்தான். ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம், இடம் இருந்தது.

கொப்பி விஷயத்துக்கு வருகிறேன். வினாக்கொத்தைக் கொடுக்க முடியாது, விதி அப்படி. ஆய்வு பற்றிய தகவல் தாள் ஒன்றைத்தான் கொடுத்தேன். அவர் ஒரு சொப்பிங் பையைத் திறந்தார். பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போட்ட கடிதம், லமினேட் பண்ணின படம். படத்தின் ஒரு மூலையால் தண்ணீர் உள்ளே போய்ச் சேட்டுக் கொலரை அரித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் தாளை வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"இதிலை அவன்ரை பேரே இல்லையே, பிள்ளை."

பெயர் எழுதுவதில்லை அம்மா, உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பிரதிதான், எழுதினால் எந்த விதியும் முறியாது என்று கணக்குப் போட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பேனையை எடுத்துத் தாளின் தலைப்பில் எழுதினேன்.

வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "ரெண்டு சுழி போட்டிட்டியள். மூண்டு சுழி."

வெட்டித் திருத்திக் கொடுத்தேன்.